கைக்குழந்தை வந்த வீட்டுச் செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். செக்கப் போன இடத்தில் ஒருவர் கையேடு கொடுத்தார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிற்காலத்தில் குழந்தைக்கு எந்த நோய் வந்தாலும் அதுவே மருந்தாகும் என்கிறார். 60,000 ரூபாய், மாதத் தவணையிலும் கட்டலாமாம். பிரசவம் முடிந்தால் வாய்ப்பு போய்விடும் என்று அவசரப்படுத்துகிறார். கட்டலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கட்ட வேண்டாம். அந்தக் கையேட்டில் வரும் நோய்ப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள்தான் அதில் நிறைய இருக்கும். குழந்தையின் மரபணுவிலேயே குறை இருந்தால், அதே குறை அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும். அந்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றி நோயைத் தீர்க்க முடியாது. சிறு வயதில் வரும் ரத்தப் புற்றுநோயிலும் பெரும்பாலும் இதே கதைதான். நோய்க்கான தொடக்க மாற்றம் பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருக்க வாய்ப்புண்டு. போதாததற்கு, ஒரு கொடியில் கிடைக்கும் ஸ்டெம் செல்கள் (புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) எடை குறைந்த சிறு பிள்ளைக்குப் போதலாம், வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டுதல், குழந்தையின் சொந்த உபயோகத்துக்காக இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்கிறது. குழந்தைநல மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கமான ஐஏபியும் 2018-ல் இதையே சொன்னது. விதிவிலக்கு ஒன்று உண்டு: வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்படலாம் என்று ரத்தநோய் நிபுணர் சொல்லியிருந்தால், தம்பி தங்கையின் கொடி ரத்தம் அந்தப் பிள்ளைக்கு உதவக்கூடும். அதை அந்த நிபுணரோடு பேசி முடிவெடுங்கள், விற்பனையாளரோடு அல்ல.

இன்னொன்று. பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் குழந்தைக்குப் போய்ச் சேரும் ரத்தம் பின்னாளில் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும். பையில் நிறையப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இந்த இலவச லாபம் போய்விடக் கூடாது. முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பிரிவைப் படித்து, பிரசவத்துக்கு முன்பே மின்னஞ்சலில் ரத்து கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள்.

கேள்வி: குழந்தை 34-ம் வாரத்தில் பிறந்து ஒன்பது நாள் என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தது. எங்களுடைய ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பம் முழுவதற்கும் ஒரே காப்புத் தொகை) பாலிசியில் க்ளெய்ம் போட்டோம். குழந்தைக்கு 91-ம் நாளிலிருந்துதான் கவர் என்று மறுத்துவிட்டார்கள். இது சரியா? (கோவை வாசகி)

பதில்: பாலிசி வாசகத்தைப் பொறுத்து, சரியாகவே இருக்கலாம். நாமே நேரடியாக வாங்கும் பாலிசிகள் பலவற்றில் குழந்தையை 90 நாள் கழித்துத்தான் சேர்ப்பார்கள். மகப்பேறு கவர் உள்ள பாலிசியில் பொதுவாக முதல் நாளிலிருந்தே குழந்தையும் அடங்கும். ஆனால் அந்தக் கவருக்கே காத்திருப்புக் காலம் உண்டு, சிலவற்றில் 9 மாதம், சிலவற்றில் மூன்று நான்கு வருடம். கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்தால் இந்தப் பிரசவத்துக்கு உதவாது. திருமணம் ஆன கையோடு பார்க்க வேண்டிய விஷயம் இது.

உங்களில் யாருக்காவது வேலை பார்க்கும் இடத்தில் குரூப் பாலிசி இருக்கிறதா? அவற்றில் பெரும்பாலும் முதல் நாள் கவர் உண்டு. ஆனால் குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஹெச்ஆருக்குக் குறித்த நாளுக்குள், பல இடங்களில் 30 நாளுக்குள், எழுத வேண்டும். பெயர் வைக்காவிட்டாலும் இன்னாரின் குழந்தை என்று சேர்க்கலாம். பிரசவச் செலவுக்கு 50,000 மாதிரி தனி உச்சவரம்பு இருக்கும். என்ஐசியூ செலவையும் அந்த வரம்புக்குள்ளேயே அடக்கி, குறைத்துக் கொடுத்திருந்தால் கேள்வி கேளுங்கள். பல பாலிசிகளில் குழந்தையின் சிகிச்சை மொத்தக் காப்புத் தொகையில் இருந்து வர வேண்டியது.

மறுப்பை எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கையை விசாரிப்பார்கள். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இனி பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்கட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பச்சிளங்குழந்தைகளுக்கான தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். தனியாரில் என்ஐசியூ பில் ஏறிக்கொண்டே போகும்போது, அரசு மருத்துவமனைக்கு மாற்றக்கூடிய நிலையில் குழந்தை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: தாய்ப்பால் போதவில்லை என்று பவுடர் பால் ஆரம்பித்திருக்கிறோம். மாதம் எவ்வளவு ஆகும்? எந்த ஆப்பிலும் இதற்கு மட்டும் ஆஃபர் வருவதில்லையே, ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: ஆஃபர் கொடுப்பது சட்டப்படி குற்றம், அதனால்தான். 1992-ம் ஆண்டுச் சட்டமும் 2003-ல் அதற்கு வந்த திருத்தமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடருக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம், தள்ளுபடி, இலவச சாம்பிள் எல்லாவற்றையும் தடை செய்கின்றன. டப்பாவில் குழந்தை படம்கூடப் போடக் கூடாது. மருத்துவமனையில் யாராவது இலவச டப்பா நீட்டினால் அது விதிமீறல்.

கணக்கு இப்படி. பவுடர் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லி. நான்கு கிலோ குழந்தைக்கு 600 மில்லி. பெரும்பாலான பிராண்டுகளில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப், ஒரு ஸ்கூப் சுமார் 4.4 கிராம். 400 கிராம் டப்பாவில் 90 ஸ்கூப் வரும். நாளுக்கு 20 ஸ்கூப் என்றால் நாலரை நாள். மாதம் ஏழு டப்பா. டப்பா 450 ரூபாய் என்று வைத்தால் 3,150 ரூபாய், எடை கூடக்கூட இதுவும் கூடும். அதே பவுடர் அட்டைப்பெட்டி ரீஃபில்லாக வந்தால் பெரும்பாலும் விலை குறைவு.

இந்தச் செலவைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டிப் பொடியைக் குறைக்கும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். கெட்டியாகக் கலந்தால் நீர்ச்சத்துக் குறையும், மலம் கட்டும். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டு, தலைதட்டிய ஸ்கூப்பில் பொடியைப் போடுங்கள். ஒரு பிராண்டின் ஸ்கூப்பை இன்னொன்றுக்கு எடுக்காதீர்கள், அளவு மாறும். பொடி கிருமி நீக்கப்பட்டது அல்ல என்பதால், கொதித்து இறக்கிய தண்ணீர் நல்ல சூடாக இருக்கும்போதே கலந்து, பிறகு ஆற்றிக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

புட்டிக்குப் பதில் பாலாடையில் கொடுக்கலாம். கழுவுவதும் வேகவைப்பதும் சுலபம், நிப்பிளுக்குப் பழகித் தாயின் மார்பை மறுக்கும் சிக்கலும் இல்லை. புட்டிதான் வாங்குகிறீர்கள் என்றால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் உண்மையா என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு ஸ்டேஜ் 2 டப்பாவுக்கு மாறியே ஆக வேண்டும் என்பதில்லை; உலக சுகாதார நிறுவனம் அதைத் தேவையற்றது என்கிறது.

இத்தனைக்கும் முன்னால் ஒரு கேள்வி: பால் உண்மையிலேயே போதவில்லையா? முதல் வாரம் கடந்த குழந்தை நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறது, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிவிட்டது என்றால், பால் போதுகிறது. அழுகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மருத்துவரிடம் எடையைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஆஃபரில் நியூபார்ன் சைஸ் டயப்பர் நான்கு பெரிய பேக் வாங்கினேன். ஒன்றரை மாதத்தில் தொடையில் சிவந்து தடம் விழுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். (சேலம் வாசகி)

பதில்: பொருளில் குறை இருந்தால்தான் திருப்பி எடுக்க வேண்டிய கடமை கடைக்கு உண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. பில்லில் கெடு சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணத்தைத் தர வேண்டும் என்பது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். உங்களுடையது சைஸ் பிரச்சினை. பிரிக்காத பேக்குக்கு அடுத்த சைஸ் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பலர் தருவார்கள்.

நியூபார்ன் சைஸ் ஐந்து கிலோ வரைதான். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை இரண்டு மாதத்துக்குள் அதைத் தாண்டிவிடும். ஒரு பேக் வாங்கினால் போதும். தொப்புள் விழும்வரை டேப் வகை நல்லது, தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டலாம். சைஸ் சரியாக இருந்தும் பக்கவாட்டில் ஒழுகினால், தொடையோரச் சுருக்கு உள்ளே மடங்கியிருக்கும். விரலால் வெளியே எடுத்துவிடுங்கள்.

பேக் விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு எண்ணிக்கைக்கு என்ன விலை என்பதைப் பாக்கெட்டில் அச்சடித்தாக வேண்டும், அதைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கும் பால் புட்டிக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. ஒன்று ஒன்பது ரூபாய் என்றால், நாளெல்லாம் போட எட்டு, மாதம் 2,160 ரூபாய். பகலில் பழைய வேட்டித் துணி, இரவில் மட்டும் இரண்டு என்றால் 540. புண்ணும் குறையும்.

கேள்வி: வாக்கர் எந்த மாதத்தில் வாங்கலாம்? (நெல்லை வாசகர்)

பதில்: எந்த மாதத்திலும் வேண்டாம். படியில் உருளும், அடுப்படிக்குள் நொடியில் போய்விடும். நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, தள்ளித்தான் போடும். கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டது. தரையில் பாய் விரித்துக் குப்புறப் போடுங்கள்.

கேள்வி: பெண் குழந்தை பிறந்த மறுவாரமே உறவினர் ஒருவர் குழந்தைப் படிப்புக்கான பாலிசி என்று வருடம் 48,000 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். பாலிசி வந்து பத்து நாள் ஆகிறது. மாத வருமானம் 40,000. தொடரலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இன்னும் நேரம் இருக்கிறது. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முத்திரைத்தாள் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாளுக்கான காப்புப் பங்கு இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். உறவினரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நிறுவனத்துக்கே எழுதி ஒப்புகை வாங்குங்கள்.

குழந்தையை நம்பி வீட்டில் வருமானம் இல்லை. உங்களை நம்பி இருக்கிறது. ஆகவே காப்பீடு உங்கள் பெயரில், டெர்ம் பாலிசியாக (காப்புக் காலத்தில் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தருவது), ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாமல் வேண்டும், அதாவது 48 லட்சம். சேமிப்புக்கு அஞ்சலகத்தில் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம். வட்டி 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது, காலாண்டுக்கு ஒருமுறை அரசு மறுபடி அறிவிக்கும். வருடம் 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம், 15 வருடம் கட்டினால் 21-ம் வருடம் முதிரும். கை இறுகிய வருடத்தில் குறைத்துக் கட்டலாம் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. பத்தாம் வகுப்பு முடித்தாலோ 18 வயதானாலோ படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம்.

கணக்குத் தொடங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், மருத்துவமனையே செய்துவிடும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் ஒரு வருடம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதி ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். ஆகவே கையில் வாங்கும்போதே உங்கள் இருவர் பெயரும் இன்ஷியலும் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சரிபாருங்கள். மாறியிருந்தால் குழந்தைக்கு எந்தக் கணக்கும் தொடங்குவதற்கு முன் பதிவாளரிடம் திருத்திவிடுங்கள்.