கடலோர ஸ்விஃப்டா, குடியாத்தத்துப் பழைய மாருதியா?

காட்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி: குடியாத்தத்தில் மாமா வீட்டில் நிற்கும் 1999 மாருதி 800-ஐச் சும்மாவே தருகிறார்கள். இன்னொரு பக்கம், திருவான்மியூரில் கடற்கரை ஓரமாகவே நின்ற 2015 ஸ்விஃப்ட் ஒன்று விலைக்கு வருகிறது. டொராண்டோவில் இருக்கும் அண்ணனோ, பழைய வண்டியை ரோட்டு உப்பே தின்றுவிடும், எதை வாங்கினாலும் முதலில் அடியில் கோட்டிங் அடி என்கிறார். எதை எடுப்பது?

அண்ணன் சொல்வது டொராண்டோவுக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் தண்ணீர் உறையாமலிருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டிக்கு அடியில் தெறித்து, தகடு மடியும் இடங்களில் தங்கி, மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருவை வேகப்படுத்துகிறது. வேலூரில் அந்தத் தொல்லை இல்லை. நம் பக்கம் உப்பு வருவது வேறு வழிகளில்: ஒன்று கடல் காற்று, இன்னொன்று ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் உப்புப் போட்ட தோல் ஏற்றிப் போகும் வண்டிகள் (அவற்றில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதலில் தளத்தகட்டைப் பாருங்கள்).

புதிய கார்களுக்கு ஒரு பலம் உண்டு. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள், கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். போர்ஷே 911-இல் 1970-களிலேயே வந்த சங்கதி, விலை குறைந்த வண்டிகளுக்கு மெதுவாகத்தான் இறங்கி வந்தது. ஆனால் இந்தக் காப்பு பெரும்பாலும் பாடிக்குத்தான். பிரேக் பைப், சஸ்பென்ஷன் ஆர்ம், சைலன்சர் எல்லாம் புது வண்டியிலும் துருப்பிடிக்கும், கடலோரத்தில் வருஷக்கணக்காக நின்றிருந்தால் இன்னும் சீக்கிரமாக. அதனால் வருஷத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள்.

மாமாவின் வண்டி ஷெட்டுக்குள் காய்ந்து நின்றிருந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தடியில் நனைந்திருந்தால் கதை வேறு. உள்ளே விரித்த ஃப்ளோர் மேட்டைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள், ஸ்பேர் வீல் பள்ளத்தில் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா, கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைத்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி வீல் ஆர்ச், கதவின் கீழ்ப்பகுதியில் ஓட்டினால், பட்டி போட்டு மறைத்த இடத்தில் பிடிப்பு தளர்ந்துவிடும். ஸ்விஃப்டை ஒர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மேலே பிரவுன் நிறத்தில் லேசாகப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், சுரண்டி பிரைமர் அடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தும்போது தகடு உள்ளே போனால் விலகிவிடுங்கள், அதிலும் சஸ்பென்ஷன் பொருத்தும் இடத்தில் என்றால் பேரமே வேண்டாம்.

கோட்டிங் விஷயத்தில் அவசரம் வேண்டாம். துருவின் மேலேயே கறுப்பு ரப்பர் கோட்டிங்கை அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு அரித்துப் போகும். கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருவை எடுத்த பிறகு மெழுகு வகைக் கோட்டிங்தான் என் தேர்வு.

துருவை மட்டும் வைத்துப் பார்த்தால், தளம் உறுதியாக இருக்கும்பட்சத்தில் குடியாத்தத்து வண்டியைத்தான் எடுப்பேன். ஆனால் அதில் ஏர்பேக் கிடையாது, ஆகவே பெங்களூரு ஹைவேயில் தினமும் ஓட்டுபவர் என்றால் ஸ்விஃப்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, அதை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குங்கள்.