பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்காக ஓடுபவரைத் துரோகி என்று சொல்லலாமா?

"ஒரு நாட்டில் பிறந்து, அங்கேயே பயிற்சி எடுத்து, பெயர் வந்ததும் இன்னொரு நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் இறங்குகிறார்களே, இது துரோகம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை என்பதுதான் என் பதில். இதில் ஒரு வகை மட்டும் எனக்குக் கோபம் வரவைக்கும். அங்கேயும் என் கோபம் ஓடுகிற பிள்ளை மேல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கல்லூரி நாட்களிலும் அதன் பின் இரண்டு வருடங்களும் 800 மீட்டர் ஓடியவன். தேசிய அளவில் பதக்கம் வாங்கியதில்லை, ஆனால் தமிழ்நாட்டு ஜெர்சி போட்டு ஓப்பன் நேஷனல்ஸ் என்ற தேசியத் தடகளப் போட்டியில் நின்றிருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு அண்ணன் இருந்தார். பள்ளியிலிருந்தே மாநிலத்துக்காக மெடல் வாங்கியவர். அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்காக மூன்று வருடம் அலைந்தார். போன இடத்திலெல்லாம் "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்ற பதில்தான். அப்புறம் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து ஓப்பன் நேஷனல்ஸில் பார்த்தால், எங்களுக்கு எதிராக நிற்கிறார்.

வார்ம் அப் டிராக் ஓரத்தில் உட்கார்ந்து செஸ்ட் நம்பர் குத்திக்கொண்டிருந்தோம். நான்கு மூலைக்கும் நான்கு ஊக்கு வேண்டும், அவரிடம் மூன்றுதான் இருந்தது. என் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தேன். "என்கூட ஓடப்போறவனே ஊக்கும் குடுக்கிறான் பாரு" என்று சிரித்தார். ஜெர்சி புதுசு, மடிப்புகூடக் கலையவில்லை. துணியைக் கிள்ளிப் பிடித்து, ரயில்வே என்ற எழுத்தின் மேல் ஊசி ஏறாமல் பார்த்துப் பார்த்துக் குத்தினார். தமிழ்நாட்டு ஜெர்சி போட்ட காலத்திலும் அப்படித்தான் குத்துவார். ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், கடைசி நூறு மீட்டரில் என்னைத் தாண்டிப் போனார். ஸ்டாண்டிலிருந்து எங்கள் கோச் கத்தியது அவர் பெயரைத்தான்.

நம் தடகளத்தில் இது அன்றாட நடப்பு. இன்டர் ஸ்டேட் போட்டி வந்தால் ரயில்வேக்காரரும் ராணுவத்துக்காரரும் சொந்த மாநில ஜெர்சியில் ஓடுவார்கள். அதே வருடம் ஓப்பன் நேஷனல்ஸ் வந்தால் சம்பளம் கொடுக்கிற இடத்தின் ஜெர்சியைப் போடுவார்கள். அவர்களை யாரும் துரோகி என்று சொன்னதில்லை.

மாநிலமும் நாடும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. நாடு என்றால் கொடி, கீதம், பாஸ்போர்ட் எல்லாம் சேர்ந்து வருகிறது. ஆனால் ஓடுகிறவர் பக்கம் நின்று பாருங்கள். யார் சோறு போடுவார்கள், எங்கே பயிற்சி கிடைக்கும், கால் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் இரண்டு இடத்திலும் அதேதான்.

இதில் எனக்கு மறக்கவே முடியாத ஆள் ஸ்டீபன் செரோனோ. கென்யாக்காரர். நம் அவினாஷ் சாப்ளே ஓடுகிறாரே, தடையும் தண்ணீர்க் குழியும் தாண்டி ஓடுகிற அதே 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ். கென்யாவுக்கு அந்த ஓட்டம் குலதெய்வம் மாதிரி. 1968 முதல் 2016 வரை, கென்யா கலந்துகொண்ட ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஆண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கம் அவர்களுக்குத்தான். 1976, 1980 இரண்டையும் புறக்கணித்தார்கள். மற்றபடி ஒன்றைக்கூட விடவில்லை. செரோனோவின் அண்ணன் கிறிஸ்டோபர் கோஸ்கெய் 1999 உலக சாம்பியன். செரோனோ 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் கென்யாவுக்குத் தங்கம் வாங்கினார்.

அடுத்த வருடம் கத்தார் குடியுரிமை வாங்கி, சைஃப் சயீத் ஷாஹீன் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். 2003 ஆகஸ்டில் பாரிஸ் உலகப் போட்டியில் கத்தாருக்காக ஓடி, கென்யாவின் எசெக்கியேல் கெம்போயை ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் முந்தித் தங்கம் வாங்கினார். அதே ஓட்டத்தில் இன்னொரு அண்ணன் ஆபிரகாம் கென்யா ஜெர்சியில் ஓடினார். ஜெயித்த தம்பியை அவர் வாழ்த்தவில்லை என்று அப்போது செய்தி வந்தது. ஒரே வீட்டில் இரண்டு கொடி. அந்த இரவு அவர்கள் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

செரோனோ அணியில் இடம் கிடைக்காமல் போனவர் இல்லை. கென்யாவிலேயே முதல் வரிசை ஆள். ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் என்று அப்போது பேசப்பட்டது. ஆக, பணத்துக்காகத்தான் போனார் என்று வைத்துக்கொள்வோம். அதில் என்ன தப்பு? ஸ்டீபிள்சேஸ் ஓடுகிறவருக்கு 28 தடை, 7 தண்ணீர்க் குழி. ஒவ்வொரு முறையும் மொத்த எடையும் ஒரு கணுக்காலில் இறங்குகிறது. கால் இருக்கும்வரைதான் காசு. இன்ஜினியர் துபாய் போனால் கறி விருந்து வைத்து அனுப்புகிறோம். ஓடுகிறவர் போனால் மட்டும் கேள்வி கேட்கிறோம்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னது இல்லை. பழைய நாட்டுக்காகக் கடைசியாகப் போட்டியிட்டு மூன்று வருடம் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழைய நாடு சம்மதிக்க வேண்டும் என்பது ஒலிம்பிக் விதி. கென்யா சம்மதிக்கவில்லை. 2004 ஏதென்ஸில் அவர் ஓட முடியவில்லை. அங்கே தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் கென்யாவுக்கே போனது. ஒரு நாட்டுக்கு மூன்று இடம்தான் என்பதை இங்கே கவனியுங்கள். உலகத்திலேயே நான்காவது ஆள் கென்யாவில் பிறந்திருந்தால், அவர் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்க வேண்டியதுதான்.

ஏதென்ஸ் ஃபைனல் முடிந்து பத்தே நாளில், செப்டம்பர் 3ஆம் தேதி, பிரஸ்ஸல்ஸில் ஷாஹீன் 7 நிமிடம் 53.63 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஏதென்ஸ் தங்கம் 8:05.81. அந்த உலக சாதனை 2023 ஜூன் வரை, கிட்டத்தட்ட 19 வருடம் நின்றது. எத்தியோப்பியாவின் லமேச்சா கிர்மாதான் அதை முறியடித்தார். ஷாஹீன் 2005இல் இன்னொரு உலகப் பட்டம் வாங்கினார், அப்புறம் காயம். கடைசிவரை ஒரு ஒலிம்பிக்கில்கூட அவர் ஓடவில்லை. கால் இருக்கும்வரைதான் காசு என்றேனே, அது இதுதான்.

இன்னொரு வகை, சொந்த நாடே ஒருவரைக் கைவிடுவது. தென்கொரியாவின் ஆன் ஹியூன் சூ. ஷார்ட் டிராக் பனிச்சறுக்கு ஓட்டம். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கில் கொரியாவுக்கு மூன்று தங்கம், ஒரு வெண்கலம். பிறகு முழங்காலில் பலத்த அடி, 2010 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. அவர் சேர்ந்திருந்த நகராட்சி அணியையே கலைத்துவிட்டார்கள். கொரிய ஸ்கேட்டிங் சங்கத்துக்குள் கோஷ்டிச் சண்டை வேறு. 2011இல் ரஷ்யக் குடியுரிமை வாங்கி விக்டர் ஆன் ஆனார். 2014 சோச்சியில் மறுபடி அதே கணக்கு: மூன்று தங்கம், ஒரு வெண்கலம். இந்த முறை ரஷ்யாவுக்கு. கொரிய ஆண்கள் ஷார்ட் டிராக்கில் ஒரு பதக்கம்கூட இல்லாமல் ஊர் திரும்பினார்கள்.

கொரிய ரசிகர்கள் பலரும் அவரைத் திட்டவில்லை. தங்கள் நாட்டுச் சங்கத்தைத்தான் திட்டினார்கள். இப்படி ஒருவரை ஏன் இழந்தோம் என்று அந்நாட்டு அதிபரே வெளிப்படையாகக் கேட்டார். துரோகம் என்று கேட்கிற உங்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த ரசிகர்களைத்தான்.

சரி, எனக்குக் கோபம் வருகிற இடம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து, படிப்பு, பணம் என்று சொல்லிக் கூட்டிப்போவது. ரூத் ஜெபெட் கென்யாவிலிருந்து பஹ்ரைன் போனபோது பதினாறு வயது. 2016 ரியோவில் பெண்கள் ஸ்டீபிள்சேஸ் தங்கம். வெள்ளி வாங்கியவர் கென்யாவின் ஹைவின் கியெங். அதே மாதக் கடைசியில் பாரிஸில் 8:52.78 ஓடி உலக சாதனை. அப்போது வயது 19. இரண்டு வருடம் தாண்டவில்லை, ஊக்கமருந்தில் மாட்டி, நான்கு வருடத் தடை. அவர் செய்த தப்புக்கு அவர் பொறுப்புதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரும் மொழியும் வேறாகிப்போன இடத்தில், அந்த வயதில், "இது வேண்டாம்மா" என்று சொல்ல அந்தப் பெண் பக்கத்தில் யார் இருந்தார்கள்? பயிற்சியாளர், ஏஜென்ட், சங்கம் எல்லாரும் பதக்கத்தை வைத்துப் பிழைப்பவர்கள்.

இந்தக் கூத்து அளவுக்கு மீறிப் போனதால்தான் உலகத் தடகள அமைப்பு 2017 பிப்ரவரியில் நாடு மாறுவதையே மொத்தமாக நிறுத்தி வைத்தது. அடுத்த வருடம் புது விதி வந்தது. மூன்று வருடக் காத்திருப்பு, இருபது வயதுக்கு முன் மாற முடியாது, வாழ்நாளில் ஒரு முறைதான் மாறலாம். எனக்கு அந்த இருபது வயது விதிதான் ரொம்ப முக்கியம். ஒரு வீரர் தானே யோசித்து, தானே கையெழுத்துப் போடட்டும். அப்புறம் எந்தக் கொடியின் கீழ் ஓடினாலும் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

நம் நாட்டுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் அனுப்பிவைத்தவர்கள் உண்டு. மும்பையின் சௌரப் நேத்ரவல்கர் 2010இல் இந்தியாவின் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் ஆடினார். ரஞ்சியில் ஒரே ஒரு ஆட்டம். மேலே வழி தெரியவில்லை, அமெரிக்காவுக்குக் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். 2024 ஜூனில் டல்லாஸில் பாகிஸ்தானுக்கு எதிரான சூப்பர் ஓவரை வீசி அமெரிக்காவை ஜெயிக்க வைத்தார். ஆறு நாள் கழித்து நியூயார்க்கில் கோலியை முதல் பந்திலேயே அவுட் ஆக்கினார், ரோஹித்தையும் எடுத்தார். அன்று இந்தியாவில் அவரை யாரும் திட்டிப் பார்க்கவில்லை, நம்ம பையன் என்றுதான் பேசினார்கள்.

நாம் கதவைச் சாத்தியதும் உண்டு. சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். ஆனாலும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார். 2008 கடைசியில், இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்தியாவுக்கு ஆடலாம் என்று அரசு முடிவெடுத்தது. அவர் இந்தியாவுக்கு ஆடுவது அதோடு நின்றுபோனது. நம்மிடம் இரட்டைக் குடியுரிமை இல்லை, அதனால் அந்த விதிக்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் அப்பாவின் நாட்டுக்கு ஆட ஆசைப்பட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கடைசியாக, நான் ஓடிய 800 மீட்டரிலிருந்தே ஒன்று. வில்சன் கிப்கெட்டர் கென்யாவில் பிறந்தவர். 1990இல் மாணவராக டென்மார்க் போனார், அங்கேயே தங்கிவிட்டார். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை, படிக்கப் போன ஊர் பிடித்துப்போனது. டென்மார்க்குக்காக 1995, 1997, 1999 மூன்று உலகப் பட்டம். ஆனால் குடியுரிமை இன்னும் முழுதாக வராததால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், நல்ல ஃபார்மில் இருந்த நேரத்தில், ஓட முடியவில்லை. 2000 சிட்னியில் 0.06 வினாடியில் தங்கம் போனது. ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1997இல் கொலோனில் ஓடிய 1:41.11 மட்டும் உலக சாதனையாக நின்றது.

2010இல் பெர்லினில் அதை முறியடித்தவர் கென்யாவின் டேவிட் ருடீஷா. நேரம் 1:41.09. வித்தியாசம் ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்குதான். சாதனைப் பட்டியலில் டென்மார்க் பெயர் இருந்த இடத்தில் கென்யா பெயர் வந்தது. இரண்டு பேருக்கும் ஓடச் சொல்லிக்கொடுத்தவர் ஒரே ஆள்: கோல்ம் ஓ'கானல் என்ற கத்தோலிக்கத் துறவறச் சகோதரர், 1976இல் அயர்லாந்திலிருந்து கென்யாவின் இட்டென் ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தவர். தன் ஒரு மாணவரின் சாதனையை இன்னொரு மாணவர் உடைத்த அந்த நாளில், எந்த நாட்டுக்காக என்று அவரிடம் போய் யாராவது கேட்டிருப்பார்களா?