விடியுமுன் ‘சக் சக்’ என்று கத்துவது யார்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் முள்செடி மண்டிய காலி மனை. நாலரை மணிக்கு ‘சக்-சக்-சக்’ என்று ஒரு சத்தம் கிளம்புகிறது. காக்கை கரையத் தொடங்கியதும் நின்றுவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தாலும் மரத்தில் ஒன்றையும் காணோம். ஆந்தையா?

பதில்: மரத்தில் தேடினால் கிடைக்காது. நீங்கள் சொல்லும் நேரமும் இடமும் பக்கிக் குருவிக்குத்தான் பொருந்துகின்றன. மைனா அளவுப் பறவை. உடம்பெல்லாம் சருகு நிறம். தரையிலோ கல்லின் மேலோ குட்டைச் சுவரிலோ உட்கார்ந்துதான் கத்தும்.

அடையாளம் சத்தத்தின் நடையில் இருக்கிறது. சிமென்ட் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் முதலில் விட்டுவிட்டுத் துள்ளி, பிறகு நெருங்கி, கடைசியில் டர்ர்ரென்று அடங்குமே, அதேதான்: ‘சக்... சக்.. சக்-சக்-டர்ர்ர்’. அந்தக் கடைசி ‘டர்ர்’ காதில் விழுந்தால் பக்கிக் குருவியில் ஒரு வகையான சின்னப் பக்கி. விழவில்லையென்றால் முதலில் பல்லியைச் சந்தேகப்படுங்கள். அதுவும் ‘சக் சக்’ என்னும், ஆனால் சுவரை ஒட்டியே கேட்கும், முடிவில் உருளாது. குக்குறுவான் பறவையின் ‘டுக் டுக்’ மர உச்சியிலிருந்து ஒரே சீராக நிமிடக்கணக்கில் போகும், அதுவும் வெளிச்சம் வந்த பிறகு. அக்காக்குயில் ஒவ்வொரு முறையும் சுருதி ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நிறுத்தும். புள்ளி ஆந்தை கத்தினால் குழப்பமே வராது. இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் கிறீச்சிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம். இந்தியப் பறவைத் தொகுப்பை முதல் நாளே இறக்கி வைத்துவிடுங்கள். அது சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். திரையில் ஓடும், சத்தத்தைக் கோடுகளாகக் காட்டும் ஒலிப்படத்தில் அந்தக் கோடுகள் போகப்போக நெருங்குகின்றனவா என்று பாருங்கள்.

இடம் தெரிய, மாடியிலிருந்து சத்தம் வரும் திசையைக் குறித்துக்கொண்டு, இருபது முப்பது அடி தள்ளி நின்று மறுபடி குறியுங்கள். இரண்டு திசைகளும் வெட்டும் இடத்தில் பறவை இருக்கும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. பறவையின் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பும். அதனால் டார்ச்சை நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்துத் தரையைத் தடவுங்கள். அடுப்புக் கங்குபோல் சிவப்பாக மின்னினால் பக்கி. நாய், பூனையின் கண் பெரும்பாலும் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வெளிச்சத்தை அதன் மேல் நிறுத்த வேண்டாம். பதிவு செய்த குரலைத் திருப்பிப் போட்டுக்காட்டி அழைப்பதும் கூடாது. எதிரி வந்துவிட்டதாக நினைத்து அலைக்கழியும்.

விடியலைத் தவறவிட்டால் அந்தி மயங்கியதும் போய் நில்லுங்கள். அப்போதும் கத்தும், நிலா வெளிச்சத்தில் இன்னும் அதிகமாக.

கோடையில் மனைக்குள் காலடி பார்த்து வையுங்கள். கூடு கட்டாமல் வெறுந்தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் இரண்டு. சிறகொடிந்ததுபோல் ஒரு பறவை உங்கள் முன்னால் தத்தளித்தால் துரத்தாதீர்கள். முட்டையோ குஞ்சோ பக்கத்திலேயே இருக்கிறது. வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.