ஒரே ஒரு கோப்பை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பால்டிக் நாடுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. லிதுவேனியாவின் கௌனஸ் நகரத்து ஜால்கிரிஸ், ஐரோப்பாவின் வெற்றிகரமான கூடைப்பந்து கிளப்புகளில் ஒன்று என்று. கல்லூரி வரை கூடைப்பந்து ஆடியவன் என்பதால் என்னால் சும்மா விட முடியவில்லை. தேடிப் பார்த்தேன். ஐரோப்பியக் கோப்பையை ரியல் மாட்ரிட் 11 முறை வென்றிருக்கிறது, மாஸ்கோவின் சிஎஸ்கேஏ 8 முறை, ஏதென்ஸின் பனதினாய்கோஸ் 7 முறை. ஜால்கிரிஸ் ஒரே ஒரு முறை. இதை வெற்றி என்பது சின்ன நாட்டின் மேல் வரும் பரிவுதானே?

இன்னொன்று. சோவியத் ஆட்சியை எதிர்த்து நின்ற அணி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1988 ஒலிம்பிக்கில் சோவியத்துக்குத் தங்கம் வாங்கித் தந்ததே இந்த அணியின் வீரர்கள்தான். இது முரண்பாடு இல்லையா? கடைசியாக, இந்த அணியின் ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கணக்கு சரிதான். அந்த வரியை எழுதும்போது நான் கோப்பைகளை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் ‘வெற்றிகரமான’ என்ற சொல்லைப் போடுமுன் கொஞ்சம் தயங்கியிருப்பேன். இருந்தாலும் அதைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஜால்கிரிஸ் என்றால் பச்சைக் காடு. 1410ல் போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து ஜெர்மானிய டியூட்டானிக் படையை முறியடித்த இடத்துக்கு குருன்வால்ட் என்று பெயர். அதை லிதுவேனிய மொழியில் சொன்னால் ஜால்கிரிஸ். கிளப் தொடங்கியது 1944ல். ஹிட்லரின் படை பின்வாங்க, செம்படை மறுபடி உள்ளே வந்த ஆண்டு அது. ஜெர்மானியரைத் தோற்கடித்த போரின் பெயரை ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கு வைத்தால் மாஸ்கோ எதற்கு மறுக்கப்போகிறது? ஆனால் லிதுவேனியரின் காதில் அதே பெயர், தங்கள் நாடு பேரரசாக இருந்த காலத்தைச் சொல்லும். மேலே இருப்பவருக்கு ஒன்று, கீழே இருப்பவருக்கு வேறொன்று. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கௌனஸுக்குக் கூடைப்பந்து சோவியத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1937ல் லாட்வியத் தலைநகர் ரீகாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியை லிதுவேனியா வென்றது. வென்றவரே அடுத்த முறை நடத்த வேண்டும், ஆனால் நடத்த அரங்கம் கிடையாது. அப்போது தற்காலிகத் தலைநகராக இருந்த கௌனஸில், பொறியாளர் அனதோலியஸ் ரோசன்பிளூமாஸ் வரைந்த திட்டப்படி அவசர அவசரமாக ஓர் அரங்கம் எழுப்பினார்கள். கூடைப்பந்துக்கென்றே ஐரோப்பாவில் கட்டப்பட்ட முதல் அரங்கம் அதுதான் என்பார்கள். 1939ல் அங்கே லாட்வியாவை 37–36 என்று, ஒரே புள்ளியில் வென்றார்கள். அந்த அணியின் தூண் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஃபிராங்க் லூபின். 1936 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வாங்கியவர், பெற்றோரின் நாட்டுக்கு வந்து ஆடினார். மற்றவர்களுக்கு இதில் எரிச்சல், அது நியாயமும்கூட. அடுத்த ஆண்டே சோவியத் படை வந்து நாட்டை விழுங்கிவிட்டது. அரங்கம் நின்றது. ஜால்கிரிஸ் 2011 வரை அதே அரங்கத்தில்தான் ஆடியது.

1947லும் 1951லும் சோவியத் சாம்பியன். அப்புறம் முப்பத்து நான்கு வருடம் பட்டம் இல்லை. இந்த இடைவெளியில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1972 மே மாதம் ரோமாஸ் கலந்தா என்ற 19 வயது மாணவன், கௌனஸ் இசை நாடக அரங்கின் முன்னால் இருக்கும் பூங்காவில் தீக்குளித்தான். ஊரே தெருவில் இறங்கியது, அடித்து ஒடுக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓரிடத்தில் கூடித் தொண்டை கிழியக் கத்துவதற்கு அனுமதிக்கப்பட்ட இடம் கூடைப்பந்து அரங்கம்தான்.

இப்போது எதிரணியைப் பாருங்கள். சிஎஸ்கேஏ ராணுவத்தின் கிளப். சோவியத்தில் ராணுவச் சேவை கட்டாயம். வேறொரு ஊரில் நன்றாக ஆடுகிற பையனுக்குச் சேவைக்கு ஆணை வரும், அவன் மாஸ்கோவில் சிஎஸ்கேஏ சட்டையோடு நிற்பான். கீவ் நகரில் ஆடிக்கொண்டிருந்த, 2.20 மீட்டர் உயரமும் தொங்கு மீசையும் கொண்ட விளாதிமிர் த்காச்சென்கோவும் கடைசியில் சிஎஸ்கேஏவில்தான் போய்ச் சேர்ந்தார். 1976 முதல் 1984 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டு சோவியத் பட்டம் அவர்களுக்குத்தான். இத்தனை வசதி இருந்தும் பட்டம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

அதை 1985ல் உடைத்தது ஜால்கிரிஸ். பயிற்சியாளர் விளாதாஸ் கராஸ்தாஸ். தூரத்திலிருந்து எறிவதற்கு ரீமாஸ் குர்தினாய்திஸ், பந்தை நடத்துவதற்கு வால்தெமாராஸ் ஹோமிச்சுஸ், அனுபவத்துக்கு செர்கேயுஸ் யோவாய்ஷா. நடுவில் அர்விதாஸ் சபோனிஸ், 2.21 மீட்டர். நீங்கள் ஆடியவர், உங்களுக்குத் தெரியும்: அந்த உயரத்தில் இருக்கிறவனைக் கூடைக்குக் கீழே நிறுத்திப் பந்தைக் கையில் கொடுப்பார்கள். சபோனிஸ் வெளியே வருவார். முதுகுப் பக்கம் ஓடிவருகிறவனுக்குத் திரும்பிப் பார்க்காமல் பாஸ் போடுவார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவார். ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டின் மூளையை ராட்சசன் உடம்பில் வைத்தது போல. 1985, 1986, 1987 என்று மூன்று வருடமும் சிஎஸ்கேஏவைத் தாண்டி ஜால்கிரிஸ்தான் சாம்பியன். கௌனஸ்காரர்கள் எண்ணிப் பார்ப்பது இந்த மூன்றையும்தான். ஐரோப்பியக் கோப்பைப் பட்டியலில் இவை வராது.

ஐரோப்பியக் கோப்பையும் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. 1986ல் புடாபெஸ்டில் இறுதி ஆட்டம், எதிரில் யுகோஸ்லாவிய நட்சத்திரம் டிரேசன் பெட்ரோவிச்சின் சிபோனா ஸாக்ரெப். சபோனிஸ் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரைத் தாக்கினார், நடுவர்கள் வெளியே அனுப்பினார்கள். 94–82, கோப்பை ஸாக்ரெபுக்குப் போனது. 21 வயதுப் பையனின் கோபம். சீண்டினார்கள் என்று இன்றும் வாதாடுகிற ரசிகர்கள் உண்டு. சீண்டத்தான் செய்வார்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதானே.

சரி, 1988 சியோல் ஒலிம்பிக். நான் அப்போது செய்தித்தாளில் ‘ரஷ்யாவுக்குத் தங்கம்’ என்று படித்து அப்படியே நம்பியவன். அரையிறுதியில் அமெரிக்காவை 82–76, இறுதியில் யுகோஸ்லாவியாவை 76–63. சபோனிஸ், குர்தினாய்திஸ், ஹோமிச்சுஸ் மூவரும் ஜால்கிரிஸ். நான்காவது லிதுவேனியர், வில்னியஸின் ஷாருனாஸ் மார்ச்சுலியோனிஸ். ‘ரஷ்யா’ என்று தலைப்பு போட்ட அணியின் முதுகெலும்பு இந்த நால்வர்.

முரண்பாடுதான். ஆனால் அதைப் பூசி மெழுக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கிளப்பே சோவியத் அமைப்பின் பகுதிதான். சம்பளம், பயிற்சி முகாம், பயணச்சீட்டு எல்லாம் அதே அரசின் பணம். 1985ல் சிஎஸ்கேஏவைத் தோற்கடித்தபோது அவர்கள் ஒரு கொடியையும் ஏற்றவில்லை. அப்போது லிதுவேனியக் கொடியை ஏற்றுவது குற்றம். ஆடினார்கள், ஜெயித்தார்கள், மீதியை ஊர் புரிந்துகொண்டது. சியோலில் ஆடியதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருந்தது. தங்கம் வாங்கினால் வெளிநாட்டில் ஆட வழி திறக்கும் என்ற எதிர்பார்ப்பு. திறந்தது. மறு ஆண்டே மார்ச்சுலியோனிஸ் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவுக்கும் சபோனிஸ் ஸ்பெயினுக்கும் போனார்கள். எதிர்ப்பு வீரர்கள் என்று சிலை வடிப்பவர்களுக்கு இது இடிக்கும். எனக்கு இடிக்கவில்லை. குதிகால் தசைநார் அறுந்து தைத்த காலோடு, தன் நாட்டைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டுக்காகத் தங்கம் வாங்கி, அதைக் காட்டி வெளியே போனவர் சபோனிஸ். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

1992 பார்சிலோனாவில் இதே நால்வர் லிதுவேனியா என்ற பெயரில் இறங்கி, பழைய சோவியத்தின் கூட்டு அணியை 82–78 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்கள். தங்கத்தைவிட இந்த வெண்கலம் பெரிது என்று அவர்கள் சொல்லும்போது அதை நான் நம்புகிறேன்.

ஆனால் கிளப்புக்கு அது கஷ்டகாலம். ஆட்கள் போய்விட்டார்கள், சோவியத் லீகும் இல்லை, பணமும் இல்லை. 1993ல் மார்ச்சுலியோனிஸ் முன்னின்று லிதுவேனிய லீகைத் தொடங்கினார். ஜால்கிரிஸ் அதில் பெரும்பாலான வருடங்கள் ஜெயித்தது. இன்றுவரை இருபதுக்கும் மேல் பட்டங்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உள்ளூரில் பெரியவன் ஜெயிப்பது எங்கும் நடப்பது.

நீங்கள் சொன்ன அந்த ஒற்றைக் கோப்பை 1999. முந்தைய ஆண்டு பெல்கிரேடில் மிலானை வென்று இரண்டாம் நிலைக் கோப்பையைத் தூக்கியிருந்தார் பயிற்சியாளர் யோனாஸ் கஸ்லௌஸ்காஸ். அந்த அணியோடு டையஸ் எட்னி என்ற அமெரிக்கரைச் சேர்த்தார். உயரம் 1.78 மீட்டர்தான், நம் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 1995ல் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்காக, 4.8 நொடி மிச்சமிருக்கையில் மைதானம் முழுக்கப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிக் கூடை போட்டவர். என்பிஏவில் நிலைக்க முடியாமல் கௌனஸுக்கு வந்தார். மியூனிக்கில் அரையிறுதியில் கிரீஸின் ஒலிம்பியாகோஸ், இறுதியில் நடப்புச் சாம்பியன், இத்தாலியின் போலோன்யா. இரண்டையும் தன் வேகத்துக்கு இழுத்தார். 82–74. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. சபோனிஸ் இல்லாமல், அவர் தலைமுறை இல்லாமல், ஒரு குட்டை அமெரிக்கரை நம்பி வந்த கோப்பை. ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சற்று வேகமாகக் கடப்பார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் லூபின் வந்து ஆடிய ஊர் அது, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

பிறகு பணக்கார முதலாளி ஒருவர் வந்தார், அவருடைய வங்கி 2013ல் கவிழ்ந்தது, கடன் கிளப்பின் தலையில் விழுந்தது. அதிலிருந்து எழுந்து 2018ல் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்து மூன்றாம் இடம் பிடித்தார்கள். அப்போது பயிற்சியாளர் ஷாருனாஸ் யாசிகேவிச்சுஸ், கௌனஸில் பிறந்தவர். 2017ல் அவருடைய செய்தியாளர் சந்திப்பு ஒன்று உலகமெல்லாம் பரவியது, பார்த்திருப்பீர்கள். குழந்தை பிறந்ததென்று அகுஸ்தோ லிமா என்ற வீரர் அரையிறுதித் தொடரின் நடுவில் கிளம்பிவிட்டார். இது சரியா என்று ஓர் இளம் நிருபர் கேட்டார். பயிற்சியாளர் முதலில் முறைக்கிறார். ‘உனக்குக் குழந்தை இருக்கிறதா?’ என்று திருப்பிக் கேட்கிறார். அப்புறம் குரல் இறங்குகிறது. முதல் குழந்தையைப் பார்ப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது, உனக்குப் பிறக்கும்போது தெரியும் என்கிறார். தோற்றால் கடித்துக் குதறுகிற ஆள் அவர்.

இப்போது ஆடுவது 2011ல் நெமுனாஸ் ஆற்றுத் தீவில் கட்டிய அரங்கத்தில். 15,000 பேருக்கு மேல் உட்காரலாம். நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய மூன்று லட்சம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊரில் இருபது பேருக்கு ஒருவருக்கு இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் நிரம்புகிறது. ஐரோப்பாவில் அதிகக் கூட்டம் வரும் அரங்கங்களில் அது ஒன்று. மாட்ரிட்டில் கூடைப்பந்து, கால்பந்து கிளப்பின் இன்னொரு கிளை. கௌனஸில் இதுதான் எல்லாம். ‘வெற்றிகரமான’ என்று எழுதும்போது என் மனதில் இருந்தது இந்த விகிதம்தான். பரிவும் கொஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை.

எந்த ஆட்டம் என்று கேட்டீர்கள். ஜெயித்ததைச் சொல்ல மாட்டேன். 2004 ஏப்ரல் 8, டெல் அவீவ், அந்த ஊர்க் கிளப்பான மக்காபிக்கு எதிராக. ஜெயிக்கிற அணி கடைசி நான்குக்குள் போகும், அந்தக் கடைசிச் சுற்று நடப்பதும் அதே டெல் அவீவில். என்பிஏவை முடித்துக்கொண்டு சபோனிஸ் ஊருக்குத் திரும்பியிருக்கிறார், வயது 39, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். (என்பிஏவுக்குப் போனபோது அவர் காலின் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், இதைக் காட்டியே மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி வாங்கிவிடலாம் என்றதாக ஒரு கதை உண்டு. அது 1995ல்.) ஜால்கிரிஸ் மூன்று புள்ளி முன்னிலை. இரண்டு நொடி பாக்கி. மக்காபியின் குர் ஷெலெஃப் தன் பக்க எல்லைக்கோட்டிலிருந்து மைதானம் முழுவதையும் தாண்டிப் பந்தை வீசுகிறார். மறுமுனையில் டெரிக் ஷார்ப் பிடிக்கிறார், திரும்புகிறார், எறிகிறார். மூன்று புள்ளி. கூடுதல் நேரத்தில் 107–99, மக்காபி ஜெயித்தது. சில வாரங்களில் கோப்பையும் அவர்களுக்கே.

அந்த வீடியோவில் ஷார்ப்பைப் பார்க்காதீர்கள். பந்து காற்றில் போகும்போது ஜால்கிரிஸின் பச்சைச் சட்டைக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆடியவர் நீங்கள், யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.