வலது பக்கச் சிரைதான் வம்பு: அட்ரினல் ரத்தப் பரிசோதனை, கேள்வி பதில்

நான் டாக்டர் இல்லை. கேத் லேபில் (ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் அறை) 22 வருஷம் டெக்னீஷியனாக நின்றுவிட்டு, இப்போது தக்கலையில் ஓய்வு. மாத்திரையைக் கூட்டவா குறைக்கவா என்று மட்டும் கேட்காதீர்கள்.

குலசேகரத்திலிருந்து: அண்ணாச்சி, அப்பாவுக்கு வயது 58. நாலு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, பிரஷரை ஏற்றும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் அதிகம். ஸ்கேனில் இடது அட்ரினல் சுரப்பியில் கட்டி. எடுத்துவிடலாமே?

கட்டி எங்கே என்றுதான் ஸ்கேன் சொல்லும். ஹார்மோனை ஊற்றுவது எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதைச் சொல்வது இந்தச் சிரை ரத்தப் பரிசோதனை: சிறுநீரகங்களின் மேல் இருக்கும் இரண்டு அட்ரினலின் சிரைகளுக்கும் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, ரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. இந்த வயதில் சும்மா கிடக்கும் கட்டிகளும் உண்டு. ஸ்கேனைப் பார்த்ததும் கத்தியை எடுக்க வேண்டாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ரத்தம் எடுத்தார்கள். நாலு நாள் கழித்து, 'வலது பக்கம் சரியில்லை, மறுபடி வாருங்கள்' என்கிறார்கள். யார் தப்பு?

கைத்தப்பு என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். இடது அட்ரினல் சிரை சிறுநீரகச் சிரையில் போய்ச் சேருவதால் பிடிப்பது எளிது. வலதுசிரை குட்டையானது, நேராகப் பெரிய கீழ்ச்சிரையின் பின்பக்கம் திறக்கும். பக்கத்திலேயே கல்லீரல் சிரை ஒன்றும் இருக்கும், கதீட்டர் அதற்குள் போனால் படத்தில் ஏமாந்துவிடலாம். அவசரமாக உறிஞ்சினால் சிரை சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான் எடுக்க முடியும்.

சரியான இடம்தானா என்பதற்குச் சாட்சி, அட்ரினலே சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசால். அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டிருந்தால் அட்ரினல் சிரை ரத்தத்தில் அது உடம்பின் மற்ற இடத்து ரத்தத்தைவிட 5 மடங்காவது இருக்க வேண்டும், ஊசி இல்லாவிட்டால் 2 மடங்கு என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் முடிவு வர மூன்று நாள் ஆகும், அதற்குள் நோயாளி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அப்புறம், நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே கார்டிசாலைப் பார்க்கும் முறை வந்தது. தப்பிய குழாயை அங்கேயே திருத்தலாம். முன்னாலேயே சிடி எடுத்து வலதுசிரை எங்கே திறக்கிறது என்று பார்த்து வைப்பதும் உதவும். மறுபடி போகுமுன் இந்த இரண்டும் உண்டா என்று கேளுங்கள்.

களியக்காவிளையிலிருந்து: 2016 ஸ்பார்ட்டகஸ் ஆய்வில் சிடி போதும் என்று வந்ததே? நீங்கள் தொழிலுக்கு ஆள் பிடிக்கிறீர்கள்!

ஓய்வு பெற்றவனுக்கு எதற்குத் தம்பி ஆள்? அந்த ஆய்வில் சிடியை வைத்துச் சிகிச்சை பெற்றவர்கள், சிரை ரத்தத்தை வைத்துப் பெற்றவர்கள் என்று இரு குழு. ஒரு வருஷம் கழித்து இரு குழுவும் சாப்பிட்ட பிரஷர் மருந்தின் அளவு ஒன்றாக இருந்தது, உண்மை. அது மருந்தின் அளவு, ஹார்மோன் கணக்கு அல்ல. 2018ல் வந்த இன்னொரு ஆய்வில், அறுவைக்குப் பின் ஹார்மோன் முழுக்கச் சீரானவர்களைப் பார்த்தபோது, சிடியை நம்பியவர்களில் 80 சதவீதம், சிரை ரத்தம் பார்த்தவர்களில் 93.

அவரே: அந்த 2018 ஆய்வு பழைய கோப்புகளைப் பார்த்ததுதானே?

ஆமாம், அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். 35 வயதுக்குள், பொட்டாசியமும் குறைந்து, ஒரே பக்கம் தெளிவான கட்டி என்றால் சிரை ரத்தம் இல்லாமலேயும் போகலாம் என்பார்கள். 58 வயதுக்காரரிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

இரணியலிலிருந்து: பரிசோதனைக்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

பொட்டாசியத்தைச் சரிசெய்திருக்க வேண்டும், குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டீரோனும் அமுங்கித் தெரியும். ஆல்டோஸ்டீரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதிமதுரக் கஷாயம் குடிக்கிறவர் அதையும் மறைக்க வேண்டாம், அதுவே பிரஷரை ஏற்றிப் பொட்டாசியத்தை இறக்கும்.

குளச்சலிலிருந்து: கருவாட்டை விட்டால் சரியாகுமா?

உப்பு குறைந்தால் நல்லதுதான். சுரப்பி கோளாறு கருவாட்டால் வந்ததல்ல.

திங்கள்நகரிலிருந்து: ஸ்கேனில் கட்டி இருக்கிறது, நேராக ஆபரேஷன்...

மக்கா, குலசேகரத்துக்காரருக்கு எழுதியதை வாசி.