மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்த பிறகும் விடாத தலைவலி, அக்குபஞ்சர் கேட்குமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வலி இப்போதுதான் திடீரென்று தொடங்கியிருந்தால் இதைப் படிக்க வேண்டாம், வண்டியைப் பிடியுங்கள்.

நாங்கள் கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அக்கா கீற்று முடைந்துகொண்டிருந்தவள், "சம்மட்டியால அடிச்ச மாதிரி இருக்குதுடா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். வெயில் என்று நினைத்துச் சுக்கு உரசிப் பற்றுப் போட்டது நான்தான். வாந்தி எடுத்தாள், கழுத்தைக் குனிய முடியவில்லை. அப்போதும் பித்தம் என்று ஒரு மணி நேரத்தைப் போக்கினேன்.

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு ஓடினோம். ரத்தக்குழாயில் இருந்த புடைப்பு வெடித்திருந்தது. தொடை வழியாகக் கம்பிச்சுருள் விட்டு அடைத்தார்கள். பிறகு, கசிவுக்கு அப்புறம் மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமலிருக்கத் தரும் நிமோடிபின் மாத்திரை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். ராத்திரி 2 மணிக்கும் எழுப்பித் தர வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். காப்பீடு கேட்டால் ரேஷன் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேரளா கார்டுங்களா, இதுல வராதுங்க" என்றார்கள். பாலக்காடு போனால் நாங்கள் தமிழ்க்காரர்கள், இங்கே வந்தால் கேரளாக்காரர்கள். அக்காவின் நகை இன்னும் அடகில்தான்.

சரி, தலைவலி. கசிந்த ரத்தம் மூளை உறையை உறுத்துவதால் வரும் வலி, கரைய வாரக்கணக்காகும் என்றார் டாக்டர். பாராசிட்டமால் போட்டும் அக்கா ஜன்னலைச் சாத்தி, கண்மேல் ஈரத்துண்டோடு கிடந்தாள். அக்குபஞ்சர் பற்றிக் கேட்டேன். 21 நாள் முடியட்டும், எந்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது என்றார். ஸ்டென்ட் (ரத்தக்குழாய்க்குள் வைக்கும் வலைக்குழாய்) வைத்து ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். அதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, தலைமுடி போல ஓர் ஊசி. இருபது நிமிஷம். அன்று ராத்திரி தூங்கினாள். மறுநாள் வலி திரும்ப வந்தது, கொஞ்சம் குறைவாக. ஆறு தடவை போனோம். ஊசியா, ரத்தம் தானாகக் கரைந்ததா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா ஊசிதான் என்பாள். "போலி வைத்தியத்துக்கு விளம்பரமா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புடைப்பை அடைத்தது ஊசி என்று நான் எங்கும் சொல்லவில்லை.

நாங்கள் முதலில் விசாரித்த அக்குபஞ்சர் ஆள், "இனி இங்கிலீஷ் மாத்திரை எதுக்கு, எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க" என்றார். அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பி, செருப்பைக்கூட மாட்டிவிடாமல் வெளியே கூட்டி வந்துவிட்டேன்.