கணினி இணையத்தின் வழியே சரியான நேரத்தை எவ்வாறு அறிகிறது?

ஒரு கணினி, தொலைவிலுள்ள வேறொரு கணினியிடம் நேரத்தைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதற்கான பொதுவிதியே என்.டி.பி. எனப்படுகிறது, டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் வடிவமைத்த இம்முறை 1985 முதல் வழக்கில் உள்ளது. கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்பு வெப்பநிலைக்கேற்பச் சற்றே மாறுவதால், அதன் கடிகாரம் நாளடைவில் பிசகிவிடுகிறது.

கேட்பது எளிது; பதில் வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுவதே உண்மையான சிக்கல். அடுத்த தெருவிலுள்ள கடைக்குச் சென்று மணி பார்த்து வருபவர், போய்வர நான்கு நிமிடம் ஆனதென்றால், பார்த்த மணியோடு இரண்டு நிமிடத்தைக் கூட்டித்தானே வீட்டுக் கடிகாரத்தைத் திருப்புவார்? கணினியும் அவ்வாறே, கேள்வி புறப்பட்டதும் சேர்ந்ததும், பதில் புறப்பட்டதும் சேர்ந்ததுமான நான்கு நேரங்களைக் குறித்துக்கொண்டு, பயணத்தில் கழிந்த நேரத்தின் பாதியைக் கணக்கில் சேர்க்கிறது. இந்த எளிய கணக்கே பெரும்பாலும் சில பத்து மில்லி விநாடிகளுக்குள் நேரத்தைச் சரிசெய்துவிடுவது வியப்பிற்குரியது. ஆயினும், போவதற்கும் வருவதற்கும் ஆகும் நேரம் வெவ்வேறாக இருந்தால், அந்த வேறுபாட்டின் பாதியளவு பிழை எஞ்சவே செய்யும்.

தொலைவிலுள்ள கணினி இந்திய நேரத்தையே அனுப்புகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. அது அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டுமே, அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது நம் கணினியின் நேர மண்டல அமைப்பாகும்.